இரும்புக்குள் வளர்ந்த மரம்

என் மேசையில் உடைந்த இரும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு பக்கம் நீலப் பெயிண்ட் அடித்து வழவழப்பாக இருக்கும். மறுபக்கம், அதாவது உடைந்த பக்கம், சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். எங்கள் சோதனைக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அதைத் தூக்கி அங்கேயும் இங்கேயும் வைப்பார்கள். எனக்குக் கோபம் வந்துவிடும். பொதுவாகவே நான் சீக்கிரம் கோபப்படுகிற ஆள்தான். ஆனால் இந்தத் துண்டு விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே கத்துகிறேன் என்று என் காதுபடவே பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். உடைந்த பக்கத்தின் நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு குழி இருக்கிறது. வெறும் கண்ணுக்கு அது குழிதான். உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பார்த்தால் குழிக்குள் மரங்கள் நிற்கும்.

இரும்பு எப்படி உறைகிறது என்பது பலருக்குத் தெரியாது. குழம்பு ஆறிக் கெட்டியாவது போலக் கெட்டியாகிவிடும் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. உருகிய இரும்புக்குள் முதலில் ஒரு தண்டு முளைக்கும். தண்டிலிருந்து கிளை பிரியும். கிளையிலிருந்து சின்னக் கிளை, அதிலிருந்து இன்னும் சின்னது. அந்தக் கடைசிச் சின்னக் கிளையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் முழு மரத்தையும் பார்ப்பது போலவே இருக்கும். சுற்றிலும் உருகிய இரும்பு போதுமான அளவுக்கு இருந்தால் கிளைகளுக்கு நடுவிலுள்ள சந்துகளெல்லாம் நிரம்பி ஒன்றாகிவிடும். மரம் இருந்த தடம் தெரியாது. போதாமல் போன இடத்தில் மட்டும் கிளைகள் மொட்டையாக நின்றுவிடும். ஆகவே உடைந்த இரும்பில் நான் மரத்தைப் பார்த்தேன் என்றால், அந்த இடம் வார்த்த அன்றைக்கே உள்ளே பொள்ளலாக, வெறும் ஓட்டையாக இருந்தது என்று பொருள். பிற்பாடு யார் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அங்கே மரம் முளைக்காது. கிளைக்கும் கிளைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அந்த இடம் எவ்வளவு மெதுவாக ஆறியது என்றுகூடச் சொல்லிவிடலாம். இதைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

அந்தத் துண்டு எதிலிருந்து உடைந்ததோ அதை வரைந்தவரை நாங்கள் எல்லோரும் டிசைன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கணபதி என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் கம்பெனியில் இரும்பு வார்ப்பதும் நடக்கும், அதைக் கடைந்து பொருளாக்குவதும் நடக்கும். முதலாளியின் தங்கையைக் கட்டியவர் டிசைன் அண்ணன். வீட்டு மாப்பிள்ளை என்பதால் அந்த நாற்காலி கிடைத்தது என்று சொல்ல முடியாது. அந்த நாற்காலிக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஊரில் அப்போது இல்லை. ஆனால் மனிதருக்கு ஒரு கிறுக்கு உண்டு. எதைப் பார்த்தாலும் கிளைக்குள் கிளை தேடுவார். கேன்டீனில் காலிஃபிளவர் குருமா வைத்தால் ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து, "பாருங்க தம்பி, முழுப்பூ எப்பிடியோ அதே மாட்டத்தான் இந்தத் துணுக்கும். இதைப் பிச்சா அதுவும் அப்பிடித்தான் இருக்கும்" என்று காட்டுவார். "ஆறிப்போகுதுங்ணா, சாப்பிடுங்க" என்பேன் நான். அதற்கு ஃபிராக்டல் என்று பெயர் இருக்கிறது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எங்கள் கம்பெனிக்குத் தெரியும். நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. 'அண்ணனோட கிளை' என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

சிரித்தோமே தவிர, அந்தக் கிளை எங்களுக்குச் சோறு போட்டது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் ஏற்றும் தொட்டியில் பெரிய தொல்லை. பம்புக்குப் பக்கத்தில் இருக்கிற நூல் கருநீலமாக வரும், தள்ளி இருக்கிறது வெளிறிப்போகும். பம்பை மாற்றிப் பார்த்தார்கள், சரியாகவில்லை. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு குழாயை வரைந்தார். ஒன்று இரண்டாகப் பிரிகிறது, இரண்டும் மறுபடி இரண்டிரண்டாக, அவையும் அப்படியே. எந்த வாய் வழியாக வெளியே வந்தாலும் சாயத்தண்ணீர் கடந்து வந்த தூரம் ஒன்றுதான். "நம்ம நெஞ்சுக்குள்ள காத்து இப்பிடித்தானுங்க போகுது. ஒரு மூலைக்குப் போயி இன்னொரு மூலைக்குப் போகாம இருந்தா நாம இருப்பமா?" என்றார். நூல் ஒரே நிறமாக வந்தது.

இன்னொன்று, தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தபடி செல்போனில் ஓட்டுகிற பெட்டி. எங்கள் பக்கத்தில் அது இல்லாத தோட்டம் இப்போது குறைவு. கரண்ட் வந்ததும் அது போன் போட்டுச் சொல்லும், நாம் வீட்டிலிருந்தே ஒரு பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும். பள்ளத்தில் இருக்கிற கிணற்றடிகளில் சிக்னல் எடுக்காமல் விவசாயிகள் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். அண்ணன் பெட்டியில் சிக்னல் பிடிக்கிற ஏரியல் கம்பியை மடித்து, மடிப்புக்குள் மடித்து, அந்த மடிப்புக்குள்ளும் மடித்து, முழ நீளத்துக்கு இருந்ததைத் தீப்பெட்டி அளவில் அடக்கினார். எடுத்தது. நான் நம்பாமல் நானே ஒரு பெட்டியை எடுத்துப் போய்த் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்தேன். அங்கேயும் எடுத்தது. மறுநாள் அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

இந்த வரிசையில் வந்ததுதான் கை. போர்க்குழிக்குள், அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்குள், இறக்கின மோட்டார் கெட்டுப்போனால் அதை மேலே தூக்க ஆட்கள் ஒரு வண்டியோடு வருவார்கள். வண்டியின் தூணிலிருந்து குழிக்கு நேராக ஒரு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் கப்பி, கப்பி வழியாகக் கம்பிவடம். பழைய கை உரல் போல் கனக்கும். வண்டியில் மாட்டவும் கழற்றவும் ஆட்கள் திணறுவார்கள். அண்ணன் வரைந்த கை ஒரு மரம். அடிமரம் இரண்டாகப் பிரிந்து, அவை மறுபடி பிரிந்து, பாரம் எங்கே வருகிறதோ அங்கே மட்டும் இரும்பு, மற்ற இடமெல்லாம் வெட்டவெளி. கனம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அவினாசி ரோட்டில் நடந்த கண்காட்சியில் நீலப் பெயிண்ட் அடித்துத் தொங்கவிட்டபோது, அது என்ன என்றே தெரியாதவர்கள்கூட அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முதலாளி மச்சினனின் தோளில் கை போட்டபடியே அன்று முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் மைத்துனரும் அப்படி நெருக்கமாக இருந்ததை நான் பார்த்தது அதுதான் கடைசி.

முதலில் வார்த்த கைகளை எக்ஸ்ரே எடுத்து நான்தான் பார்த்தேன். நன்றாக இருந்தன. கிளை பிரிகிற முடிச்சு தடித்த இடம், அதனால் கடைசியாக ஆறும். ஆறும்போது இரும்பு சுருங்கும், சுருங்கின இடத்துக்கு யாராவது இரும்பு ஊட்ட வேண்டும். அதற்காக முடிச்சின் தலைமேல் ஒரு குடுவை அளவுக்குக் கூடுதல் இரும்பு நிற்கும்படி அச்சைச் செய்வார்கள். ரைசர் என்று பெயர். ஆறின பிறகு அதை வெட்டித் தேய்த்துவிட வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடத்தில் ஒரு தழும்பு தெரியும். கண்காட்சிக்குப் பிறகு நிறைய ஆர்டர் வந்த சமயத்தில் அண்ணனுக்கு அந்தத் தழும்பு கண்ணை உறுத்தியிருக்கிறது. மரத்தின் முடிச்சில் தழும்பு வேண்டாம், ரைசரை அடிமரத்துப் பக்கம் தள்ளி வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். முதலாளிக்கும் அது வசதியாகப் போயிற்று. தேய்க்கிற வேலை மிச்சம், சரக்கு சீக்கிரம் வெளியே போகும். ஒருவர் அழகுக்காகச் சொன்னார், இன்னொருவர் அவசரத்துக்காகத் தலையாட்டினார். மாற்றின பிறகு ஒரு கையைக்கூட எக்ஸ்ரேக்கு அனுப்பவில்லை. சோதனைக்கூடத்துக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

பல்லடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கை உடைந்தது. மோட்டார் தூக்குகிற குழுவுக்குத் தலைவராக இருந்தவர், மேலே வந்த குழாயைப் பிடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார். முடிச்சு விட்டுப்போய், கப்பியோடு சேர்ந்து பாதிக் கை அவர்மேல் விழுந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். மோட்டார் சேற்றில் சிக்கியிருந்தது, அவர் பேராசையில் அளவுக்கு மீறி இழுத்தார் என்று உடனே பேச்சு கிளம்பியது. தோப்புக்காரர் சொன்னார், மற்றத் தூக்குகாரர்கள் சொன்னார்கள், அவருடைய குழுவில் இருந்தவர்களே சொன்னார்கள். எங்கள் கம்பெனிக்கும் அந்தப் பேச்சு இனிப்பாகத்தான் இருந்தது. முதலாளி உடைந்த துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "ஓவர்லோடுதானுங்க. பாத்துச் சொல்லிப்போடுங்க" என்றார். பார்ப்பதற்கு முன்பே பதிலையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணன் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் துண்டைக் கழுவி, உருப்பெருக்கியின் அடியில் வைத்து, வெளிச்சத்தைச் சரிசெய்து பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எழுந்து இடம் விட்டேன். அவர் உட்கார்ந்து கண்ணை வைத்தார். பிறகு அவர் வாயிலிருந்து, "அட, எவ்வளவு அழகுங்க தம்பி!" என்று வந்தது. சத்தியமாக அப்படித்தான் சொன்னார். வாழ்நாள் முழுக்கக் கிளைக்குள் கிளை தேடின மனிதருக்கு அதுவரை பார்க்காத அளவுக்கு நேர்த்தியான ஒரு காடு கிடைத்துவிட்டது. தான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு ஒரு கணம் பிந்தித்தான் உறைத்தது. கண்ணை எடுக்காமலேயே மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறைந்துவிடலாம் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அவர் எழுந்து நேராக முதலாளியின் அறைக்குப் போய் அவரைக் கையோடு கூட்டிவந்தார். "மச்சான், கொஞ்சம் உக்காந்து பாருங்க. பொள்ளலு உள்ளயே இருந்துருக்குதுங்க. அந்தாளு மேல தப்பே இல்லீங்க." முதலாளி உட்காரவில்லை. "எனக்கு இதெல்லாம் புரியாதுங்க மாப்ள. ஒரு வார்ப்பு தப்பாப் போயிருக்கும். வார்ப்புன்னா ஒண்ணு ரெண்டு அப்பிடி இப்பிடி இருக்கறதுதான்." அண்ணன் விடவில்லை. "ஒண்ணு ரெண்டு இல்லீங்க. ரைசரைத் தள்ளி வெச்ச எல்லாத்துலயும் இருக்கும். வித்ததை எல்லாத்தையும் திருப்பி வாங்கிப்போடலாமுங்க மச்சான்." முதலாளி கதவருகில் நின்றபடி சொன்னார்: "வாங்கினா நாமளே நம்ம பேரைக் கெடுத்துக்கற மாட்டங்க. அப்பறம் இந்தக் கம்பெனி வார்ப்பை எவன் தொடுவான்?" அவர் சொன்னதிலும் ஒரு பயம் இருந்தது, நூற்றுக்கணக்கான குடும்பம் அந்த உலையை நம்பி இருந்தது. ஆனால் உருப்பெருக்கிக்கும் அவருக்கும் நாலு எட்டுத்தான் தூரம். அவர் வரவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினபோது என்னையும் கூப்பிட்டார். தூக்குகாரர் கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். எங்கள் கம்பெனி ஆட்கள் என்று தெரிந்ததும், சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "ஏனுங்க, நான் அளவு மீறி இழுக்கலீங்க. என்ற குழந்தைக மேல சத்தியமுங்க. என்ற ஊட்டுக்காரியே நம்ப மாட்டீங்கறா" என்றார். கை போனதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "நீங்க இழுக்கலீங்க. அது உடையறதுக்கு நாந்தானுங்க காரணம். உங்க ஊட்டுக்காரியக் கூப்பிடுங்க, நானே சொல்றேன்" என்றார். சொன்னார். வார்டில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அந்த அம்மா அழுதது கணவர் கை போனதற்கா, அவர் பொய் சொல்லவில்லை என்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே அது கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணன் வேலைக்கு வரவில்லை. மச்சானும் மச்சினனும் ஒரே கல்யாணத்துக்குப் போனாலும் வேறு வேறு பந்தியில் சாப்பிட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் அண்ணனின் மனைவி. ஒருமுறை அவரைப் பார்த்தபோது, "ரெண்டு பேருமே என்ற மனுசங்கதானுங்க. நான் ஆரு பக்கம் நிக்கறது?" என்று கேட்டார். கடைசியில் கணவர் பக்கம்தான் நின்றார், தன் அண்ணனான முதலாளியின் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார். டிசைன் அண்ணன் ஒரு டெம்போவைப் பிடித்து, அதில் பழைய கனத்த கைகளை ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் போனார். காங்கயம், தாராபுரம், உடுமலை, எங்கெங்கே விற்றிருந்ததோ அங்கெல்லாம் தூக்குகாரர்களைத் தேடிப்பிடித்து, பழையதைக் கொடுத்துத் தான் வரைந்த மரம் போன்ற கையை வாங்கினார். பாதிப் பேர் கொடுக்க மறுத்தார்கள். கனமில்லாத, பார்க்க அழகான சாமானைக் கொடுத்துவிட்டு உரலை எவன் தூக்கிக்கொண்டு திரிவான்? அவர் வரைந்த அழகே அவருக்கு எதிரியாக நின்றது. கையிழந்த தூக்குகாரர்தான் அந்த இடங்களுக்கெல்லாம் கூடப் போய், தன் மொட்டைக் கையைக் காட்டி வாங்கிக்கொடுத்தார். ஒரு வார்த்தை பேசாமல் கையை மட்டும் மேலே தூக்கிக் காட்டுவாராம்.

யாரும் மறுபடி வண்டியில் மாட்டிவிடக் கூடாது என்று, வந்த கைகளையெல்லாம் எக்ஸ்ரேக்கு அனுப்பாமல் நான் முடிச்சில் அறுத்தே பார்த்தேன். கம்பெனி ரம்பத்தில் கம்பெனி நேரத்தில்தான் அறுத்தேன். முதலாளி தடுக்கவில்லை, அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். எட்டிப் பார்க்கவும் இல்லை. சிலவற்றில் பொள்ளல் இருந்தது, சிலவற்றில் இல்லை. நல்லதாக இருந்ததைக் கேட்டு முதலாளி, "பாத்தீங்களா, எல்லாத்துலயும்னு சொன்னாரே" என்று ஆள் மூலம் சொல்லியனுப்புவார். கெட்டதாக இருந்ததைக் கேட்டு அண்ணன் தலையில் கை வைத்து உட்காருவார். ஒரே குவியலை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு கதை படித்தார்கள். எனக்கு இருவர் மேலும் சலிப்பு வந்துவிட்டது. அண்ணனிடம் ஒருநாள் கேட்டே விட்டேன்: "நல்லது கெடச்சா சந்தோசப்பட மாட்டீங்களாங்ணா?" அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நல்லதுன்னு அறுத்தப்பறம்தானுங்க தம்பி தெரியுது. அறுக்காம வெளியில இருக்கறது எந்த ரகமுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

கடைசியில் ஒரே ஒரு கை மட்டும் அகப்படவில்லை. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் போனது. வாங்கினவர் வண்டியை விற்றுவிட்டார், வண்டி கைமாறிக் கைமாறி எங்கேயோ போய்விட்டது. அண்ணன் அந்த வாய்க்கால் கரையோரத்து ஊர்களில் ஏறி இறங்கினார். அப்போதே நடந்தால் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். நான் பார்க்கப் போனபோது டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த படத்தைக் காட்டினார். இருட்டுக்குள் ஒரு மரம், ஒரு கிளை மட்டும் பாதியில் நின்றுபோயிருந்தது. "பாருங்க தம்பி, இந்தக் கிளைக்குத் தண்ணி போகலீங்க" என்றார். இந்தமுறை அழகு என்று சொல்லவில்லை. படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அந்த ஒண்ணைக் கண்டுபுடிச்சுப்போடுங்க" என்றார். சரிங்ணா என்றேன். இருவரும் பேசிக்கொண்டது அதுதான் கடைசி. அவர் சாவுக்கு முதலாளி வந்தார். தங்கை அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. முதலாளி பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

போன ஆவணியில் தூக்குகாரர் போன் செய்தார். அவர் இப்போது மோட்டார் தூக்குவதில்லை, தூக்குகிறவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிறார். "கை கெடச்சுப்போச்சுங்க. ஆனா வண்டியில இல்லீங்க. நீங்க வந்தே பாருங்க" என்றார். இருவரும் கோபியில் பஸ் இறங்கி, வாழைத்தோட்டத்துக்கு நடுவில் இருந்த ஒரு வீட்டுக்குப் போனோம். நடுப்பகல். இளம்பெண் ஒருத்தி உள்ளே வரச் சொன்னாள். கூடத்தின் உத்தரத்தில் நீலப் பெயிண்ட் அடித்த அந்த மரம் போல்ட் போட்டு மாட்டியிருந்தது. கப்பி இருந்த இடத்தில் ஒரு கொக்கி. கொக்கியிலிருந்து சேலைத் தூளி. தூளிக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்ணின் மாமனார் தூக்குகாரராக இருந்தவராம். வண்டியை விற்கும்போது இதை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டாராம். "எடைக்குப் போட மனசு வரலீங்க. அப்பிடியே மரமாட்ட இருக்குதுங்களே. கொழந்தை முழிச்சா இதையேதான் பாத்துட்டுக் கெடக்கும்" என்றாள். எனக்குக் கணக்குத் தெரியும். குழந்தையின் எடை அந்தக் கைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதற்கு முன் அது எத்தனை மோட்டாரைத் தூக்கியிருக்கிறது, முடிச்சுக்குள் பொள்ளல் இருந்தால் அதிலிருந்து விரிசல் எதுவரை ஓடியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. முடிச்சு குழந்தையின் தலைக்கு நேராக இருந்தது. "அம்மணி, கொழந்தையத் தூக்குங்க" என்றேன். "இப்பத்தானுங்க தூங்குச்சு" என்றாள். "தூக்குங்க அம்மணி!" என் குரல் உயர்ந்துவிட்டது. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். தூக்குகாரர் தன் வலது கையின் மேல் போட்டிருந்த துண்டை விலக்கி, மொட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினார். அவள் குழந்தையை வாரி எடுத்தாள். அது வீறிட்டு அழுதது. நாங்கள் மரத்தைக் கழற்றி முடிக்கும்வரைக்கும் அழுதுகொண்டே இருந்தது. ஸ்பேனர் இரண்டு முறை நழுவியது.

கையைக் கொண்டுவந்து சோதனைக்கூடத்தில் ஒரு மூலையில் சாய்த்து வைத்தேன். உடனே அறுக்கவில்லை. அறுத்து, உள்ளே கெட்டியாக இருந்தால் அண்ணன் இதற்காக அலைந்தது வீண் என்று ஆகிவிடும். பொள்ளலாக இருந்தால் அந்தத் தூளியை நான் மறக்க முடியாது. எந்தப் பதிலும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பக்கத்து ஹாலில் இருக்கிற புதிய டிசைன் பிள்ளைகள் இப்போது கம்ப்யூட்டரிடமே வரையச் சொல்கிறார்கள். பாரம் இவ்வளவு, இடம் இவ்வளவு என்று கொடுத்தால் அது கிளை கிளையாக ஒரு மரத்தை வரைந்து காட்டுகிறது. அண்ணன் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்ததை அது டீ குடித்துவிட்டு வருவதற்குள் வரைந்துவிடுகிறது. நல்ல வரைவுதான், குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் நான் உடைந்த துண்டை எடுத்துப்போய் அவர்கள் கீபோர்டு மேல் வைத்துவிட்டு, "முடிச்சுக்கு எவன் சோறு ஊட்டுவான்?" என்று கேட்பேன். கிழத்துக்குக் கிறுக்கு என்பார்கள். முன்பு நாங்கள் வேறொருவரை அப்படித்தான் சொன்னோம்.

ஒருநாள் முற்பகலில் முதலாளி சோதனைக்கூடத்துக்கு வந்தார். இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறார். மூலையில் சாய்ந்திருந்த நீல மரத்தைப் பார்த்தார். "இதுதான் கடைசிங்களா?" "ஆமாங்க." எங்கே கிடைத்தது என்று கேட்டார். தூளி, குழந்தை எல்லாவற்றையும் சொன்னேன். மிச்சம் வைக்காமல் சொன்னேன். அவர் மனது புண்படட்டும் என்றுகூட நினைத்தேன். கேட்டுவிட்டு, "அறுங்க. நான் இங்கயே இருக்கறேன்" என்றார். ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டேன். ரம்பம் முடிச்சுக்குள் இறங்கும்வரை அவர் தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அறுத்த முகத்தைத் துடைத்தேன். நடுவில் குழி இருந்தது. என் மேசையில் இருக்கிற துண்டின் குழியைவிடப் பெரியது. ஓரத்திலிருந்து மெல்லிய கோடு ஒன்று வெளிப்பக்கமாக ஓடி, பெயிண்ட்டைத் தொடுவதற்கு நூலளவு முன்னால் நின்றிருந்தது.

உருப்பெருக்கியின் அடியில் வைத்தேன். நான் கூப்பிடவில்லை, அவரே எழுந்து வந்து குனிந்து கண்ணை வைத்தார். அண்ணன் அன்று உட்கார்ந்திருந்த அதே இடம். வெகுநேரம் பார்த்தார். ஓவர்லோடு, ஒன்றிரண்டு அப்படித்தான் இருக்கும், கம்பெனி பேர் என்று ஏதாவது சொல்லட்டும், இத்தனை வருடத்துக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நான் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"கொழந்தை எந்தப் பக்கம் தலை வெச்சுத் தூங்குச்சுங்க?"

"இதுக்கு நேர் கீழங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கண்ணைத் துடைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. மேசையில் இருந்த பழைய உடைந்த துண்டு அவர் பார்வையில் பட்டது. பல வருடங்களுக்கு முன் அவரே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. அதைக் கையில் எடுத்தார். உருப்பெருக்கியின் அடியில் அதை எப்படி வைப்பது என்று தெரியாமல், நீலப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டுத் தடவிக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கி, உடைந்த பக்கத்தைத் திருப்பி வைத்துக் கொடுத்தேன்.